ராகுகால மனேஜர்

எங்கள் குடும்பத்தில் என் மாமாவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அம்மாவின் தம்பி அவர். கலியாண வீடோ, பிறந்தநாளோ, எந்தக் கூட்டத்திலும் சோற்றுக்கும் பாயாசத்துக்கும் இடையில் யாராவது ஒருவர் அதை எடுத்துவிடுவார். அதன் பிறகு அரை மணித்தியாலம் சிரிப்புத்தான். மாமாவும் சேர்ந்து சிரிப்பார். அந்தப் பெயர் அவருக்கு வந்த நாளில் நானும் அந்த மண்டபத்தில் இருந்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. வாழ்க்கையில் அப்படியொரு நிம்மதியை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை, பிறகும் இரண்டு மூன்று தடவைகள்தான்.

ஒஸ்லோத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கோடையில் ஒரு உதைபந்தாட்டப் போட்டி நடக்கும். தொடக்கத்தில் ஊர் ஊராகத்தான் குழுக்கள் இருந்தன. அப்பாவின் ஊருக்கு ஒன்று, அம்மாவின் ஊருக்கு ஒன்று என்று, அந்த ஊர்களைக் கண்ணாலும் காணாத பிள்ளைகள் அவற்றின் மானத்துக்காக ஓடுவோம். மைதானத்துக்கு வெளியே நின்ற தகப்பன்மார்தான் ஊருக்காகச் சண்டை பிடித்தார்கள். ஒரு வருடம் சண்டை கைகலப்பில் முடிந்து, பொல்சே என்ற நோர்வேச் சொசேஜ் சுட்டுக்கொண்டிருந்த அடுப்பும் கவிழ்ந்தது. ஐம்பது பொல்சே புல்லில் உருண்டதை நாங்கள் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

அதற்குப் பிறகுதான் போட்டிக் குழுத் தலைவர் கனடாவுக்கு ஒரு கலியாணத்துக்குப் போய் வந்தார். அங்கே பனி ஹொக்கிக் குழுக்களுக்கு ஆட்களை முறை வைத்து ஒவ்வொருவராகத் தெரிவு செய்கிறார்களாம், கடைசியாக வந்த குழுவுக்கு முதல் தெரிவாம். அதை இங்கேயும் செய்வோம் என்றார். ஊர்க்குழுக்கள் கலைக்கப்பட்டன. முப்பத்திரண்டு பிள்ளைகள், நான்கு மனேஜர்கள், ஆளுக்கு எட்டுப் பிள்ளைகள். தகப்பன் தன் பிள்ளையை எடுக்கக்கூடாது. தெரிவு, பள்ளிக்கூட மண்டபத்தில், எல்லாக் குடும்பங்களுக்கும் முன்னால், ஒலிவாங்கியில் பெயர் சொல்லி நடக்கும். பெயர் சொல்லப்பட்ட பிள்ளை கைதட்டலோடு மேடைக்குப் போய்த் தன் மனேஜருக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

எங்கள் வகுப்பு நோர்வேப் பிள்ளைகள் விளையாடிய குழுவில் அந்த வயதில் கோல் கணக்குக்கூட எழுதிவைக்கமாட்டார்கள். யார் வென்றது என்று கேட்டால், எல்லாரும் நன்றாக விளையாடினார்கள் என்று பயிற்சியாளர் சொல்லுவார். எங்கள் ஆட்களுக்கு அது விளங்கவேயில்லை. கணக்கில்லாமல் ஒரு விளையாட்டா?

நான்கு மனேஜர்களில் ஒருவர் அப்பா. இன்னொருவர் மாமா. மூன்றாமவர் யாழ்ப்பாணத்தில் தன் பள்ளிக்கூடத்துக்குக் கோலியாக வலை காத்தவர். அதை அவர் சொல்லாத நாளை நான் கண்டதில்லை. நாங்கள் அவரைக் கோலி அங்கிள் என்போம். நான்காமவர் லேசில் வாய் திறக்காத மனிதர், அவரைப் பற்றிச் சொல்ல எனக்கும் ஒன்றுமில்லை.

மாமாவுக்குத்தான் முதல் தெரிவு. முந்திய வருடம் கடைசியாக வந்தது அவருடைய குழு. அது கடைசியாக வந்ததற்குக் காரணம் நான். கடைசி ஆட்டத்தில் அவர்களுக்கு ஒரு ஆள் குறைந்ததால் என்னை இறக்கினார்கள். பந்து என்னை நோக்கி வந்தது, நான் கண்ணை மூடிக்கொண்டு என்னால் இயன்றமட்டும் உதைத்தேன். அப்படியொரு உதையை நான் அதற்குப் பிறகு உதைத்ததில்லை. கண்ணைத் திறந்தபோது பந்து எங்கள் வலைக்குள் கிடந்தது. அந்த வருடம் முழுக்கத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என்னைக் கண்டால் பெடியன்கள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காற்றில் உதைத்துக் காட்டுவார்கள்.

அந்தப் பனிக்காலம் முழுவதும் ஹொல்ம்லியாவில் எங்கள் வீட்டு முன்னறையில், சனிக்கிழமை தவறாமல், தெரிவு பற்றிய கதைதான். மாமா அதே தொடர்மாடியில் மூன்று மாடி மேலே இருந்தார். சாரத்தோடு இறங்கி வந்துவிடுவார். கோலி அங்கிள் ரயில் ஏறி வருவார். அம்மா பொரித்த மீன் ரோல்ஸ் ஒரு தட்டம் முடியும்போது நாலு பிள்ளைகளின் எதிர்காலம் முடிவாகியிருக்கும்.

“ரொம்மன் பெடியன்ரை இடது காலைப் பாத்தனீங்களோ? உதுக்கெண்டே பிறந்த கால்” என்பார் அப்பா.

“கால் இருந்தாப் போதுமோ? பெடியன் பந்தை ஆருக்கும் குடுக்கிறானில்லையே.”

“குடுக்கப் பழக்கலாம். வேகத்தைப் பழக்கேலாது.”

எந்தப் பிள்ளை இப்போதே விளைந்த பிள்ளை, எது இரண்டு வருடத்தில் வளரும், எது தாயின் உயரத்தில் நின்றுவிடும் என்று, மாடு பார்க்கப் போனவர்கள் மாதிரிக் கதைப்பார்கள். ரொம்மனில் இருந்த அந்தப் பெடியனுக்குப் பதினொரு வயது. நோர்வேக் குழுவிலும் விளையாடினான். மாமா அவனைத்தான் எடுப்பார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. மாமா தபால் பிரிக்கும் இடத்தில் வேலை செய்தார். அந்தக் கைப்பழக்கமோ என்னவோ, ஒரு நீலக் கொப்பியில் முப்பத்திரண்டு பிள்ளைகளையும் வகை வகையாகப் பிரித்து எழுதிக்கொண்டு திரிந்தார். பனி கொட்டுகிற ஞாயிறுகளிலும் பிள்ளைகள் விளையாடும் உள்ளரங்கின் வாங்கில் குந்தியிருந்து எழுதுவார். வேறு எதிலும் அவருக்கு அந்தப் பிடிவாதம் இருந்ததில்லை. இந்த முறை வெல்ல வேண்டும் என்று அவருக்கு வெறி.

ஒரு சனிக்கிழமை நான் தேத்தண்ணித் தட்டத்தோடு வாசலில் நின்றேன். உள்ளே என்னைப் பற்றிக் கதை வந்திருந்தது.

“அதுவோ?” என்றார் கோலி அங்கிள். “பந்து வந்தாக் கண்ணை மூடுற பிள்ளை. உது வளராத கேஸ். கடைசியா ஆரின்ரையோ தலையிலை வரும்.”

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ரோல்ஸ் ஒன்றை எடுத்தார். மாமா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். நான் கொஞ்ச நேரம் கழித்து, அப்போதுதான் வந்தவள் போல உள்ளே போய்த் தேத்தண்ணியைக் கொடுத்தேன். கோலி அங்கிள் “கெட்டிக்காரி” என்று கன்னத்தைத் தட்டினார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

அன்றிலிருந்து எனக்கு அந்தக் கடைசி இடத்தைப் பற்றிய பயம் பிடித்துக்கொண்டது. முப்பத்தொரு பேர் மேடையில் நிற்க, மண்டபத்தின் நடுவில் நான் ஒருத்தி மட்டும் கதிரையில் இருப்பேன். தலைவர் ஒலிவாங்கியில் என் பெயரைச் சொல்லுவார், இரக்கத்துக்குக் கைதட்டுவார்கள். இரவில் படுத்தாலும் அந்தக் கைதட்டல் கேட்கும். அப்பா என்னை எடுக்க முடியாது, அது சட்டம். மாமா எடுக்கலாம். ஆனால் முதல் தெரிவை வைத்துக்கொண்டு மருமகளை எடுத்தால் சனம் அவரைச் சும்மா விடுமா? பிந்தி எடுத்தாலும் ‘சொந்தம் எண்டு எடுத்திட்டான்’ என்றுதான் கதை வரும். நானே என் நிலைமையை நாலு பக்கத்தாலும் பார்த்து, தப்ப வழியில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். அம்மாவிடம் வயிற்றுக்குத்து என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அம்மா ஓமவாட்டர் தந்தா.

தெரிவுக்கு முதல் நாள் மாமா வீட்டுக்குக் கறி கொண்டுபோனேன். மாமி குசினியில் நின்றா, மாமா குளித்துக்கொண்டிருந்தார், நீலக் கொப்பி சாப்பாட்டு மேசையில் கிடந்தது. செய்யக்கூடாது என்று தெரிந்துதான் திறந்தேன். முதல் பக்கத்தில் ரொம்மன் பெடியனின் பெயர், பக்கத்தில் இரண்டு நட்சத்திரம். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். இடையில் என் பெயர் எங்கும் இல்லை. கடைசிப் பக்கத்தில்தான் இருந்தது. எட்டுப் பெயர்கள், அவற்றில் ஒன்று என்னுடையது. எட்டுக்கும் சேர்த்து ஒரு பெரிய அடைப்புக்குறி, அதற்குப் பக்கத்தில், ‘ஆறு மணிக்குப் பிறகு’. வேறு ஒன்றுமில்லை. நட்சத்திரம் ஒன்றுமில்லை.

வளராத கேசுகளுக்கு ஆறு மணிக்குப் பிறகு தனியாகப் பயிற்சி வைக்கப் போகிறார்களாக்கும் என்று நினைத்தேன். கறிச்சட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஜூன் தொடக்கம். அழைப்பிதழில் மூன்று மணி என்று போட்டிருந்தது. மூன்று மணி என்றால் எங்கள் நிகழ்ச்சிகள் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதை ரயில் நேரத்தைவிட நிச்சயமாகச் சொல்லலாம். விளக்கேற்றி, தேவாரம் பாடி, வரவேற்புரையும், கனடா முறை பற்றிய விளக்கவுரையும், விளக்கவுரைக்கு நன்றியுரையும் முடிந்தபோது நாலரை தாண்டிவிட்டது. முப்பத்திரண்டு பேரும் முன் வரிசைகளில் இருந்தோம். என் கை இரண்டும் குளிர்ந்து போயிருந்தன. ஆறு மணிக்கு மண்டபத்தைப் பூட்ட ஆள் வந்துவிடும், சுருக்காகச் செய்யவேண்டும் என்று சொல்லிக்கொண்டே தலைவர் ஒலிவாங்கியை மாமாவிடம் நீட்டினார்.

“முதல் தெரிவு. ஆரை எடுக்கிறீர்?”

ரொம்மன் பெடியன் கதிரையிலிருந்து அரைவாசி எழும்பிவிட்டான்.

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “தலைவர் குறை நினைக்கக்கூடாது” என்றார். “இண்டைக்கு ஞாயிறு. நாலரையிலையிருந்து ஆறு மட்டும் ராகுகாலம். ராகுகாலத்திலை நான் ஒரு பிள்ளையின்ரை பேரும் சொல்லமாட்டன்.”

மண்டபத்தில் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு எழும்பி, வரிசை வரிசையாகப் பரவியது. ஆனால் பின் வரிசைகளில் சில அம்மாமார் தலையாட்டினார்கள். அவர் சொல்லுறதும் சரிதானே, நாங்கள் ஒருதரும் யோசிக்கேல்லையே என்று ஒருவருக்கொருவர் குசுகுசுத்தது எனக்குக் கேட்டது. எங்கள் ஆட்களிடம் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும், நம்பாதவனும் எதிர்த்துக் கதைக்கமாட்டான். ஊரிலிருந்து வந்த கலண்டர் எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்கியது, அதில் ஞாயிறு நாலரை ஆறு என்றுதான் இருந்தது.

அப்பா மட்டும் எழும்பினார். “உனக்கென்ன விசரே? ஆறு மணிக்கு மண்டபத்தைக் குடுக்கவேணும். அதுமட்டும் நாங்கள் பாத்துக்கொண்டிருக்கிறதோ?”

“நீங்கள் எடுங்கோ அத்தான். நான் பிறகு எடுக்கிறன்.”

“பிறகு என்ன கிடக்கும்?”

“கிடக்கிறது கிடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு மாமா தன் கதிரையில் போய் இருந்தார். கையைக் கட்டிக்கொண்டார். மடியில் நீலக் கொப்பி கிடந்தது, திறக்கவேயில்லை.

தலைவர் இரண்டு தரம் கேட்டார், மூன்றாம் தரம் அப்பாவிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தார். அப்பா ரொம்மன் பெடியனை எடுத்தார். ஆறு மாதமாகக் கனவிலும் கிடைக்காத பெடியன் ஒரு சொல்லுமில்லாமல் கைக்குள் வந்து விழுந்ததில் அப்பாவுக்குப் பெயர் சொல்லவே நாக்குத் தடுமாறியது. பிறகு கோலி அங்கிள், பிறகு வாய் திறக்காதவர், திரும்பவும் அப்பா. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். ஒவ்வொரு தெரிவுக்கும் பின்னால் தகப்பன்மார் ‘நல்ல எடுப்பு’, ‘விசர் எடுப்பு’ என்று வாதிட்டார்கள். எனக்கு இரண்டு பக்கத்திலும் கதிரைகள் வெறுமையாகிக்கொண்டு வந்தன. கண்ணாடி போட்ட தம்பி ஒருவன் என்னோடு மிஞ்சுவான் என்று நினைத்திருந்தேன், கோலி அங்கிள் அவனைக் கடைசியில் எடுத்துவிட்டார். நான் எண்ணினேன். எட்டுப் பேர் இருந்தோம். எனக்கு அடுத்த கதிரையில் இருந்த பெட்டை சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். இனி ஒவ்வொருவராக அழைப்பார்கள், அது எட்டுத் தரம் நடக்கும், எட்டாவது நான்.

மண்டபம் பூட்டுகிறவர் திறப்புக் கோர்வையோடு வாசலில் வந்து நின்றார்.

மாமா எழும்பினார். கடிகாரத்தைப் பார்த்தார். ஒலிவாங்கியை வாங்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், “இப்ப சரி. மிச்சப் பிள்ளையள் எல்லாம் இஞ்சை வாங்கோ” என்றார்.

அவ்வளவுதான். ஒரு பெயரும் இல்லை. எட்டுப் பேரும் ஒன்றாக எழும்பினோம், கதிரைகள் ஒன்றாகக் கிரீச்சிட்டன, இடித்துக்கொண்டு மேடைக்கு ஓடினோம். யார் முந்தி ஏறியது, யார் பிந்தி ஏறியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கடைசி ஆள் என்று ஒருவர் இல்லாமலே தெரிவு முடிந்துபோனது. மேடையில் நின்றபோது அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, கை சூடாகிக்கொண்டு வந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்ததே, அதை விட்ட இடம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. இடது பக்கத் திரைக்குப் பக்கத்தில். மாமாவின் மூடநம்பிக்கைக்கு மனதுக்குள் கோடி நன்றி சொன்னேன். ராகு கேதுவுக்கும் சொன்னேன்.

காரில் திரும்பும்போது மாமி மாமாவோடு கதைக்கவில்லை. ஹொல்ம்லியா வந்த பிறகுதான் வாய் திறந்தா. “இந்தக் கார் வாங்கேக்கை பாக்காத ராகுகாலத்தை இண்டைக்கு எங்கையிருந்து பிடிச்சனீங்கள்?” என்றா. மாமா தரிப்பிடம் தேடுவதில் கவனமாக இருந்தார். பின் ஆசனத்தில் இருந்த நான் அதை மாமியின் வழக்கமான ஏச்சு என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமைக்குள் ஒஸ்லோவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மாமா ராகுகால மனேஜராகிவிட்டார்.

முதல் பயிற்சி அடுத்த திங்கள், ஐந்து மணிக்கு. நான் ஆறு பத்துக்குப் போனேன். மற்ற ஏழு பேரும் வியர்த்து விறுவிறுத்து நின்றார்கள்.

“ஏன் பிள்ளை பிந்தினனி?” என்றார் மாமா.

மறைக்கத் தெரியவில்லை. “கொப்பியிலை ஆறு மணிக்குப் பிறகு எண்டுதானே இருந்தது” என்றேன்.

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். கொப்பியைத் திறந்ததற்கு ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் முகத்தைத் திருப்பி, மூக்கைச் சீறிக்கொண்டார். பிறகு பந்தை என் பக்கம் உருட்டிவிட்டு, “நாளையிலையிருந்து அஞ்சுக்கு வா” என்றார். ஏச்சில் தப்பியதே பெரிது என்று நானும் அதை அத்தோடு விட்டுவிட்டேன்.

எங்களை அவர் பழக்கிய விதம் யாருடைய புத்தகத்திலும் இருந்திருக்காது. பந்தை எறிந்துவிட்டு, அது எங்களை எட்டும் முன்னர் மற்றக் கையில் சில விரல்களைத் தூக்கிக் காட்டுவார். எத்தனை விரல் என்று நாங்கள் கத்த வேண்டும். கண்ணை மூடினால் சொல்ல முடியாது. முதல் கிழமை முழுக்க நான் குத்துமதிப்பாக மூன்று என்றே கத்தினேன். இரண்டாம் கிழமை ஒரு நாள் நான்கு விரலைக் கண்டேன். கண்டதை என்னால் நம்ப முடியாமல், “நாலு மாமா, நாலு” என்று பந்தை விட்டுவிட்டு அவரிடம் ஓடினேன். பந்து யாருடைய முகத்திலோ பட்டது.

போட்டியில் நாங்கள் வெல்லவில்லை. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கோலி அங்கிளின் குழுவோடு சமநிலை, வாய் திறக்காதவரின் குழுவை ஒரு கோலால் வென்றோம், அப்பாவின் குழுவிடம் மூன்று கோல் வாங்கினோம். மூன்றும் ரொம்மன் பெடியனின் இடது கால். நாலாவதும் வந்திருக்கும். அவன் எங்கள் வலைக்கு முன்னால் வந்து உதைத்தபோது நடுவில் நான் நின்றேன். பந்து வருவதைப் பார்த்தேன். அதிலிருந்த கறுப்புக் கட்டங்கள் சுழல்வதையும், ஒட்டியிருந்த புல்லையும் பார்த்தேன். அது என் வயிற்றில் இடித்து, எங்கள் வலைக்குப் போகாமல் கோட்டுக்கு வெளியே போனதையும் பார்த்தேன். மூச்சு நின்றுபோய்ப் புல்லில் கிடந்தபடி மாமாவைத் தேடினேன். அவர் கோட்டோரத்தில் நின்று ஒரு கையின் ஐந்து விரலையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

“அஞ்சு” என்றேன். சத்தம் வரவில்லை.

எதிர்ப் பக்கத்தில் நின்ற அப்பா தன் குழுவின் கோல் போனதை மறந்து கைதட்டினார். அன்று பின்னேரம் கோலி அங்கிள் என் கன்னத்தைத் தட்டி, இந்தப் பிள்ளை வளரும் என்று தான் பனிக்காலமே சொன்னதாகச் சொன்னார். நான் மறுக்கவில்லை. எனக்கு அன்று யாரோடும் கோபம் இல்லை.

போன வருடம் ஸ்ட்ரோம்மனில் நாங்கள் வாங்கிய வீட்டுக்குக் குடிபூரல். ஜூன் மாதம், வசதிக்கு ஒரு ஞாயிறு. மாமி நேரம் பார்க்கச் சொன்னா. நான் கைபேசியில் ஒஸ்லோவுக்கென்று போட்டுப் பார்த்தேன். ராகுகாலம் சூரியன் உதித்து மறையும் பொழுதை எட்டாகப் பிரித்துக் கணிப்பதாம். எங்கள் ஜூனில் சூரியன் பத்தரைக்கும் மறையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் இரவு எட்டு மணி கழிந்துதான் தொடங்குகிறது. நாலரைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இத்தனை வருடமாக நாங்கள் ஒஸ்லோவில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்து ராகுவுக்குப் பயந்திருக்கிறோம். சிரிப்புத் தாங்கவில்லை.

குடிபூரலன்று விறாந்தையில் அப்பா வந்தவர்களுக்கு வழக்கமான கதையைத் தொடங்கியிருந்தார். “முதல் தெரிவை வைச்சுக்கொண்டு, முழு மண்டபமும் பாத்துக்கொண்டிருக்க...” என்று அவர் நிறுத்த, எல்லாரும் சிரிக்க, மாமாவும் வடையைக் கடித்தபடி சிரித்தார். நான் அவருக்குப் பக்கத்தில் போய்க் குந்தி, காதுக்குள் சொன்னேன்.

“மாமா, அண்டைக்கு நாலரைக்கு ராகுகாலமே இல்லை. இரவு எட்டுக்குப் பிறகுதான்.”

“அப்பிடியே?” என்றார் மாமா. வடையின் மிச்சத்தைக் கடதாசியில் வைத்தார். “எட்டோ நாலரையோ, எனக்கு ஆறு மணி தேவைப்பட்டுது பிள்ளை. கொப்பரிட்டைச் சொல்லிப்போடாதை, பாவம், சந்தோசமாக் கதைச்சுக்கொண்டிருக்கிறார்.”

அப்போதுதான் அந்தக் கடைசிப் பக்கம் என் கண் முன்னால் வந்தது. தெரிவுக்கு முதல் நாள் சனிக்கிழமையே எழுதியிருந்தார். கண்ணாடி போட்ட தம்பியைத் தவிர மற்ற ஏழு பெயரும் சரி. பனிக்காலம் முழுக்க அவர் அந்த வாங்கில் குந்தியிருந்து தேடியது யாரை எடுக்கலாம் என்று மட்டுமல்ல, யாரை யாரும் எடுக்கமாட்டார்கள் என்பதையும்தான். முதல் பக்கத்துப் பெடியனுக்கு இரண்டு நட்சத்திரம் போட்ட அதே கை, அவனை விட்டுவிட்டு, எங்கள் எட்டுப் பேருக்கு ஒரு நேரம் குறித்திருக்கிறது. நான் அதைப் பயிற்சி நேரம் என்று நினைத்து ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம் பிந்திப் போய், அவருடைய முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன்.

விறாந்தையில் அப்பா கதையின் உச்சத்துக்கு வந்திருந்தார். மாமா என்னைப் பார்க்காமல், முழங்காலில் வைத்திருந்த கையில் இரண்டு விரலை மட்டும் நிமிர்த்தினார்.

“ரெண்டு” என்றேன்.